பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டால் பிற்காலத்தில் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஐந்தரை வயது. மேலே முன்பற்கள் நான்கும் கறுத்து அரித்துப்போயிருக்கின்றன. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்கள் இரண்டிரண்டில் குழி விழுந்திருக்கிறது. வலி இல்லை என்கிறாள். வீட்டில் பெரியவர்கள், "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்கிறார்கள். போய்ப் பார்த்த கிளினிக்கில் எட்டுப் பல்லுக்கும் சேர்த்துப் பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். இப்படியே விட்டால் அவள் பெரியவளான பிறகு உண்மையிலேயே பாதிப்பு வருமா, இல்லை பயமுறுத்துகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கிற பணத்துக்கு எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் எழுதுகிறேன். சேலத்தில் 22 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். ஆனால் உங்கள் மகளின் வாயை நான் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் எந்தப் பல்லில் சொத்தை நரம்பு வரை போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுத முடியும்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. பால்பற்கள் இருபதும் விழத்தான் போகின்றன. எப்போது விழும் என்பதில்தான் கணக்கு தப்புகிறது. முன்பற்கள் ஆறு வயதில் ஆட ஆரம்பித்து எட்டு வயதுவாக்கில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும் வரை அந்தப் பற்களால்தான் மென்று சாப்பிட வேண்டும். பல்லின் வெளிப்புறக் கெட்டிப் பூச்சுக்கு எனாமல் என்று பெயர். பால்பல்லின் எனாமல், விழுந்த பிறகு முளைக்கிற நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதி தடிமன்தான். உள்ளே நரம்பு இருக்கிற அறையோ, பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் நகர்கிற சொத்தை, குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும்.

"வலிக்கலை" என்று குழந்தை சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அது பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று வயதிலிருந்தே ஒரு பக்கம் கூசுகிற குழந்தைக்கு, கூசாமல் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்றே தெரியாது. அது சோற்றை இன்னொரு பக்கம் ஒதுக்கி மெல்லும், இல்லையென்றால் மெல்லாமல் விழுங்கும், கறியையும் முறுக்கையும் தட்டில் தள்ளிவைக்கும். வீட்டில் "சாப்பிட அடம் பிடிக்கிறா" என்பார்கள். நாற்காலியில் உட்கார வைத்ததும் நான் முதலில் பார்ப்பது, எந்தப் பக்கத்துப் பற்களில் மஞ்சள் படிவு கெட்டியாக இருக்கிறது என்பதைத்தான். மெல்லும்போது உணவு உரசிக்கொண்டே இருப்பதால் புழங்குகிற பக்கம் ஓரளவு சுத்தமாக இருக்கும். புழங்காத பக்கத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருந்தால், குழந்தை எதுவும் சொல்லாமலே எங்கே வலிக்கிறது என்பது தெரிந்துவிடும். இன்று இரவு பல் தேய்க்கும்போது நீங்களும் பார்க்கலாம்.

இன்னொன்று. முன்பு வலித்துப் பிறகு வலி நின்றுவிட்ட பல், சரியாகிவிட்ட பல் கிடையாது. பெரும்பாலும் நரம்பு செத்துப்போயிருக்கும். அதன் பிறகு வேர்ப்பக்கத்தில் சீழ் சேர்ந்து, ஈறில் சின்னப் பரு மாதிரி வெளியே வரும். அழுத்தினால் உடையும், வற்றும், திரும்ப வரும். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டதால் வலிக்காது. மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்து, வற்றியதும் மறந்துவிடுகிற வீடுகள் நிறைய. மாத்திரை வீக்கத்தை வற்ற வைக்கும். கிருமி குடியிருக்கிற செத்த பல் அங்கேயேதான் இருக்கும்.

அந்தச் சீழுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பால்பல்லின் வேர்கள் இரண்டும் கவட்டை மாதிரி விரிந்திருக்கும். அந்தக் கவட்டைக்குள்தான் அடுத்து வரவேண்டிய நிலைப்பல்லின் கரு வளர்கிறது. உங்கள் மகளின் வயதில் அதன் எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. மாதக் கணக்கில் சீழில் ஊறினால் அந்த எனாமல் பழுதாகலாம். பிறகு பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ, குழி விழுந்தோ வரும். டர்னர் பல் என்று இதற்குப் பெயர். பத்து வயதில் புதிதாக முளைத்த பல்லைப் பார்த்து "முளைக்கும்போதே சொத்தையா?" என்று கேட்கிற பெற்றோரிடம், அது ஐந்து வயதில் நடந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சீழ் வைத்த ஒவ்வொரு பால்பல்லும் அடியில் இருப்பதைக் கெடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், பல குழந்தைகளுக்கு நல்ல பல்லே வருகிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் சீழ் பிடிக்கிறதோ, எவ்வளவு நாள் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஆபத்து கூடும் என்பதில் சந்தேகமில்லை.

"சரி, பிடுங்கிவிட்டால் சீழ் போய்விடுமே" என்று கேட்பீர்கள். சில பற்களுக்கு அதுதான் வழி. ஆனால் கடைவாய்ப் பால்பல்லை ஐந்து வயதில் எடுத்தால், அந்த இடத்தைக் காத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த நகர்வில் பெரும்பகுதி பல் எடுத்த முதல் ஆறு மாதத்திலேயே நடந்துவிடும். பிறகு கீழிருந்து வருகிற நிலைப்பல்லுக்கு வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது வரிசைக்கு வெளியே தெத்துப்பல்லாக வரும். இடத்தைப் பிடித்துவைக்க ஒரு வளையமும் கம்பியும் சேர்ந்த சின்னக் கருவி இருக்கிறது. பல்லை எடுக்கச் சொல்கிற மருத்துவர் அதைப் பற்றிப் பேசவில்லையென்றால் நீங்களாகவே கேளுங்கள். எல்லாத் தெத்துப்பல்லுக்கும் சொத்தைதான் காரணம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தாடையின் அளவு, பரம்பரை, விரல் சூப்புவது என்று பல காரணங்கள் உண்டு.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியம். ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கும். இவை பால்பற்கள் இல்லை. எந்தப் பல்லும் விழாமல், வெறும் ஈறைக் கிழித்துக்கொண்டு சத்தமில்லாமல் வருவதால், வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முன்பல் விழுந்தால் கொண்டாடுகிறோம், கூரையில் எறிகிறோம். வாழ்நாள் முழுக்க மெல்லப்போகிற பல் பின்னால் வந்து நிற்பது தெரிவதேயில்லை. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். முழுக்க மேலே வர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதைத் தொடாது. முன்னால் சொத்தைப் பால்பல் ஒன்று கிருமிகளோடு உட்கார்ந்திருந்தால், புதுப் பல் அந்தச் சேற்றிலேயேதான் முளைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மா பதினொரு வயதுப் பையனைக் கூட்டிவந்தார். கீழே இடப்பக்கம் பாதிப் பல் உடைந்து, வேர் தெரிந்தது. "பால்பல்தான் சார், பிடுங்கி விட்டுடுங்க, ஸ்கூல் இருக்கு" என்றார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, முன்னாலிருந்து ஒவ்வொரு பல்லாக எண்ணச் சொன்னேன். ஆறாவது பல்லுக்கு வந்ததும், "இது ஆறு வயசுல வந்தது, இனி இந்த இடத்துல வேற பல் வராதுங்க" என்றேன். அவர் கண்ணாடியை மடியில் வைத்துவிட்டார். "யாரும் சொல்லலையே சார்" என்று இரண்டு முறை சொன்னார். உண்மைதான், யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. இதே உரையாடலை வேறு வேறு அம்மா அப்பாக்களோடு எத்தனை முறை நடத்தியிருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பல் போனால் என்ன ஆகும்? எதிர்ப்பல் கடிக்க ஆளில்லாமல் மெல்ல நீளும். பின்பல் பள்ளத்துக்குள் சாயும். சாய்ந்த பல்லின் அடியில் உணவு சிக்கி அங்கே ஈறு கெடும். மெல்லுவது ஒரே பக்கமாகிவிடும். தாடை வளர்ச்சி முடியும் வரை இம்பிளான்ட், அதாவது எலும்பில் பொருத்துகிற செயற்கைப் பல், வைக்க முடியாது. வைக்கும் வயது வரும்போது அக்கம்பக்கத்துப் பற்கள் இடம்பெயர்ந்திருக்கும். முப்பது வயதில் கடைவாயில் நாலைந்து பல் இல்லாமல் வருகிறவர்களை விசாரித்தால், கதை பெரும்பாலும் இந்தப் பல்லிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். காப்பாற்றவே முடியாத நிலையில், எட்டு முதல் பத்து வயதுக்குள் திட்டமிட்டு அந்தப் பல்லை எடுத்தால், பின்னால் வருகிற பல் அதன் இடத்துக்கு நகர்ந்து வர வாய்ப்பு உண்டு. எப்போது எடுப்பது என்பதை எக்ஸ்ரே பார்த்து, குழந்தைப் பல் மருத்துவரும் பல் சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பால்பல்லில் சொத்தை இருந்த குழந்தைக்கு நிலைப்பல்லிலும் சொத்தை வருமா? வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இனிமேல் யாருக்குச் சொத்தை வரும் என்று கணிக்க எங்களிடம் இருக்கிற அடையாளங்களில், ஏற்கெனவே சொத்தை வந்திருப்பதுதான் வலுவானது. அதே கிருமி, அதே சாப்பாட்டுப் பழக்கம், அதே பிரஷ் என்று எதுவும் மாறாமல் பல் மட்டும் மாறினால் வேறென்ன நடக்கும்? நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73ல் பிறந்த 1,037 பேரை ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். சிறுவயதில் வறுமையில் வளர்ந்தவர்கள் பிற்பாடு வசதியாகிவிட்டாலும், 26 வயதில் அவர்களுடைய பல்லும் ஈறும், வசதியில் வளர்ந்தவர்களுடையதைவிட மோசமாகவே இருந்தன. சிறுவயது வாயில் விட்டுப்போவதைப் பெரியவயதுச் சம்பளத்தால் முழுக்கத் துடைக்க முடியவில்லை.

அரிதாக, உயிருக்கே ஆபத்தாகலாம். 2007ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் வைத்த சீழ் மூளைக்குப் பரவி இறந்தான். அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர்தான் ஆகியிருக்கும். அங்கே பல் மருத்துவக் காப்பீட்டு விதிகளையே மாற்றவைத்த மரணம் அது. உங்கள் மகளுக்கு இப்படி ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள், இது மிக மிக அரிது. ஆனால் அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கன்ன வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவுவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிப்பது, மூச்சுவிடச் சிரமப்படுவது - இவற்றில் எது தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீங்கிய கன்னத்துக்குச் சுடு ஒத்தடம் வேண்டாம். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தையென்றால் கணக்கே வேறு. பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கிற கிருமி இதயத்தின் உட்சுவரைத் தாக்கக்கூடும், அதனால் அந்தக் குழந்தைகளுக்குச் சொத்தையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இனி, இன்னும் உறுதியாகாத விஷயங்கள். சொத்தைப் பல் இருக்கிற குழந்தைகள் எடை குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு எடை கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் கூடியது, சிலவற்றில் பெரிய மாற்றம் இல்லை. பசியும் தூக்கமும் மேம்படுவதை மட்டும் நானே வாரா வாரம் பார்க்கிறேன். கடுமையான சொத்தையும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே காணப்படுகின்றன. எது எதனால் வருகிறது என்பது தெளிவாகவில்லை. பின்லாந்தில் 1980ல் சிறுவர்களாக இருந்த 755 பேரின் வாயைப் பரிசோதித்து, 27 ஆண்டுகள் கழித்து அவர்களின் கழுத்து இரத்தக்குழாய்களைப் பார்த்தார்கள். சிறுவயதில் சொத்தையும் ஈறு நோயும் இருந்தவர்களுக்குக் குழாய்ச் சுவர் கூடுதலாகத் தடித்திருந்தது. இதை வைத்துக்கொண்டு "சொத்தைப் பல்லால் மாரடைப்பு வரும்" என்று பரப்புகிறவர்களை நம்பாதீர்கள். இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது என்று நிறுவப்படவில்லை. முன்பற்களைச் சீக்கிரம் இழந்தால் பேச்சு கெட்டுவிடும் என்பதும் அப்படித்தான். சில எழுத்துகள் கொஞ்ச நாள் வழுக்கும், பெரும்பாலான குழந்தைகள் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள்.

எண்களால் அளக்க முடியாத பாதிப்பு ஒன்று உண்டு. முதன்முதலில் பல் மருத்துவரைப் பார்ப்பதே கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுதபிறகுதான் என்றால், அந்தக் குழந்தைக்குப் பல் நாற்காலி என்றாலே வலி என்று பதிந்துவிடுகிறது. வளர்ந்த பிறகும் தாங்க முடியாத வலி வந்தால்தான் வருவார்கள், அதற்குள் பல் போயிருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற குழந்தைகளையும் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறுமிக்கு முன்பற்களைச் சரிசெய்த அடுத்த வாரம், கையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், கீழே பின்னாலிருக்கிற இரண்டாவது கடைவாய்ப் பால்பற்களுக்கு முதலில் செலவு செய்வேன். அவைதான் அதிக நாள் இருக்க வேண்டியவை, ஆறு வயதுப் பல்லுக்கு வழிகாட்டியும் அவைதான். சொத்தை நரம்பைத் தொடவில்லையென்றால் அடைத்தாலோ ஸ்டீல் கேப் போட்டாலோ போதும். தொட்டிருந்தால் பால்பல்லுக்கான வேர் சிகிச்சையும் கேப்பும் தேவைப்படும். அதற்கு முன்னால் உள்ள பற்கள் அடுத்தது. முன்பற்கள் நான்கும், சீழோ வீக்கமோ இல்லையென்றால், கடைசி. எப்படியும் இரண்டு மூன்று ஆண்டில் விழப்போகிறவை, கோரைப்பல் முளைத்துவிட்ட வயதில் அங்கே இடம் குறைவதும் அபூர்வம். அவற்றுக்கு விலை உயர்ந்த வெள்ளைக் கேப் போடச் சொன்னால், அது அழகுக்கானது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற மருந்து சொட்டு ஒன்றைத் தடவினாலே பல சொத்தைகள் மேற்கொண்டு பரவாமல் நிற்கும். ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். சொத்தை இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதுதான் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குழந்தைப் பல் பிரிவு தனியாக இருக்கும். கிளினிக்கைவிடச் செலவு வெகுவாகக் குறையும், நேரம்தான் அதிகம் பிடிக்கும். இரண்டாவது கருத்து கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. எட்டுப் பல்லையும் சரிசெய்யச் சொன்னவர் பயமுறுத்துகிறார் என்று நான் நினைக்கவில்லை, வரிசையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேல் முன்பற்கள் நான்கும் போய், கீழ் முன்பற்கள் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் இரவுப் பால்புட்டியின் அடையாளம். உறிஞ்சும்போது கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், மேல்பற்கள் பாலில் ஊறும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைந்துவிடும். இதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். 2002-03ல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. இனிமேல் இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இனிப்பை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போனதும் அரை மணி நேரமாவது வாயில் அமிலம் இருக்கும். அதனால் எவ்வளவு தின்றாள் என்பதைவிட எத்தனை முறை தின்றாள் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. நாள் முழுக்கக் கொறிக்கிற பிஸ்கட்டும் இதில் சேர்த்தி.

பேஸ்ட் ஃப்ளூரைடு உள்ளதாக, அட்டையில் 1000 பிபிஎம் என்று போட்டதாக வாங்குங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஃப்ளூரைடு என்றாலே பயப்படுவார்கள். பயத்தில் நியாயம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரால் தலைமுறை தலைமுறையாகப் பற்கள் பழுப்பேறிய ஊர்கள் அங்கே உள்ளன. 2013ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கறை, பல் உருவாகிற வயதில் தினமும் குடித்த நீரால் வந்தது. பட்டாணி அளவு பேஸ்டைத் தேய்த்துத் துப்பினால் அது வராது. நீங்கள் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஏழெட்டு வயது வரை பிரஷ் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். தன் ஷூ லேஸைத் தானே கட்டத் தெரியாத விரல்களுக்குக் கடைவாய்ப்பல்லைத் தேய்க்க வராது.

இன்று இரவு அவளை மடியில் படுக்கவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, கீழ்த்தாடையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறைப் பாருங்கள். ஐந்தரை வயது என்பதால் இன்னும் ஒன்றும் இருக்காமல் போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். ஒருநாள் ஈறு தடித்து, நடுவில் வெள்ளையாக ஒரு முனை தெரியும். அன்றிலிருந்து பிரஷைக் குறுக்காக, கன்னப் பக்கத்திலிருந்து நுழைத்து அதை மட்டும் தனியாகத் தேயுங்கள். முழுக்க மேலே வந்ததும் அதன் பள்ளங்களை சீலன்ட் என்ற பூச்சு வைத்து மூடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலைதான்.